வண்டிய சொருகி வைக்கிற நேரத்துக்கு காசு குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ப்ளக்-இன் ஹைப்ரிட் காரை (பெட்ரோல்லயும் ஓடும், சொருகி சார்ஜ் போடுற பேட்டரிலயும் ஓடும்) வச்சே கரண்ட் தட்டுப்பாட்ட சமாளிச்சிடலாம்னு உங்க பேப்பர்ல ஒரு கட்டுரை வந்துச்சு, அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு ஒரு வாசகர், நான் ராத்திரி பூரா சார்ஜ் போட்டு வைக்கிறத கரண்ட்காரங்க உறிஞ்சிக்கிட்டு காலைல காலி வண்டிய குடுப்பாங்களான்னு கோவமா எழுதியிருந்தார். ரெண்டையும் படிச்சேன். நான் சப்-ஸ்டேஷன்ல வருஷக்கணக்கா ஷிஃப்ட் பாத்து ரிட்டயர் ஆனவன், கட்டுரை எழுதினவரும் கொஞ்சம் ஆசைப்பட்டு எழுதிட்டார், வாசகரும் கொஞ்சம் பயந்து எழுதிட்டார்னு தோணுச்சு, அதான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், வெட்டிக்கோங்க.

எங்க கன்ட்ரோல் ரூம்ல சுவத்துல ஒரு ஃப்ரீக்வென்சி மீட்டர் இருக்கும், கரண்ட் ஒரு நொடிக்கு எத்தன தடவ முன்னும் பின்னும் ஆடுதுங்கறத காட்டும். உள்ள வந்ததும் எல்லாரும் மொதல்ல பாக்குறது அதத்தான், மணி பாக்குறது கூட அப்புறம் தான். 50 ஹெர்ட்ஸ்ல நிக்கணும், சில நாட்டுல 60. ஜனங்க இழுக்குற லோடும் ஜெனரேட்டருங்க குடுக்குறதும் சரிசமமா இருக்குற வரைக்கும் அது அசையாது, லோடு கூடிச்சுன்னா அத்தன டர்பைனும் மூச்சு வாங்கி ஒரு துளி மெதுவா சுத்தும், மீட்டர் 49.9, 49.8ன்னு எறங்கும், அப்ப ரூம்ல பேச்சு நின்னுடும். அதுக்கு மேல எறங்குனா எந்த ஃபீடர, அதாவது ஒரு ஏரியாவுக்கு கரண்ட் போற லைன, ஆஃப் பண்றதுன்னு லிஸ்ட எடுத்து பக்கத்துல வச்சுக்குவோம். இத எதுக்கு சொல்றேன்னா, கிரிட்டுக்கு, அதாவது ஊரையெல்லாம் இணைக்கிற மின்சார வலைப்பின்னலுக்கு, உதவின்னு சொன்னாலே எல்லாரும் மணிக்கணக்கா கரண்ட் குடுக்குறதுன்னு நெனச்சுக்கறாங்க, ஆனா பல சமயம் தேவைப்படுறது கொஞ்ச நேரத்துக்கு, ஆனா உடனே.

2019 ஆகஸ்ட் 9ஆம் தேதி சாயங்காலம் பிரிட்டன்ல நடந்தது தெரிஞ்சிருக்கும். ஒரு லைன்ல இடி விழுந்துச்சு, அதுக்கு பின்னாடியே லிட்டில் பார்ஃபோர்டு கேஸ் ஸ்டேஷனும் ஹார்ன்சீ கடல் காத்தாலையும் அடுத்தடுத்து கழண்டுகிச்சு. கையிருப்பு வச்சிருந்தது சுமார் 1,000 மெகாவாட், போனது அதுக்கும் மேல. ஃப்ரீக்வென்சி 48.8க்கு விழுந்து 10 லட்சத்துக்கும் மேல கனெக்ஷன் தானா கட் ஆச்சு. கூத்து என்னன்னா ஃப்ரீக்வென்சி கொஞ்ச நிமிஷத்துலயே பழையபடி ஏறிடுச்சு, ஆனா 49க்கு கீழ போனதும் தன்னால நின்னுபோன சில ட்ரெயின்கள திரும்ப ஓட வைக்க டெக்னீஷியன் நேர்ல போக வேண்டியிருந்துச்சு, ஜனங்க மணிக்கணக்கா உள்ளயே மாட்டிக்கிட்டாங்க. இந்த மாதிரி எடத்துல சில நிமிஷம் தாங்கிப் பிடிக்க ஆள் இருந்தா போதும். அந்த ஆளா நம்ம வீட்டு வாசல்ல நிக்கிற கார் இருக்க முடியுமாங்கறது தான் கேள்வி.

முடியும்னு 1997லயே வில்லெட் கெம்ப்டன், ஸ்டீவன் லெட்டென்ட்ரேன்னு ரெண்டு பேரு கணக்கு போட்டு எழுதிட்டாங்க. கார் ஒரு நாள்ல ஒண்ணோ ரெண்டோ மணி நேரம் ஓடும், மிச்ச நேரம் பூரா சும்மா நிக்கும், அந்த சும்மா நிக்கிற பேட்டரிய கிரிட்டோட சேத்தா என்னங்கறது தான் விஷயம், இப்ப வி-டூ-ஜி (வெஹிகிள் டூ கிரிட்)ன்னு சொல்றாங்களே அது. 2007 ஜூன்ல கூகுளும் பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் கம்பெனியும் சேந்து சார்ஜ் போடுற மாதிரி மாத்துன ப்ரியஸ்ல இருந்து கரண்ட திருப்பி அனுப்பி காட்டினாங்க. 2013ல டெலவேர் யுனிவர்சிட்டில மினி கார்கள வச்சு பிஜேஎம்ங்கற அமெரிக்க கிரிட்டுக்கு ஃப்ரீக்வென்சி சேவை, அதாவது ஃப்ரீக்வென்சிய ஆடாம பிடிச்சு வைக்கிற வேலை, குடுத்து காசே வாங்கிட்டாங்க. அதனால இது நடக்குமா நடக்காதாங்கற கேள்வி முடிஞ்சு போன கதை. யாருக்கு என்ன லாபம், யார் தலைல என்ன விடியும்ங்கறது தான் பாக்கி.

ஒரு கணக்கு பாப்போம். ஒரு ப்ளக்-இன் ஹைப்ரிட்ல 12 யூனிட் பேட்டரின்னு வைங்க, 2013ல வந்த மிட்சுபிஷி அவுட்லேண்டர்ல அவ்ளோ தான் இருந்துச்சு, அதுக்கு முன்னாடி 2010 கடைசில வந்த செவர்லே வோல்ட்ல 16. அடில கொஞ்சத்த கார் எப்பவும் தொட விடாது, மிச்சத்துல 5 யூனிட் கிரிட்டுக்கு குடுக்கலாம்னா 3 கிலோவாட் வேகத்துல ஒண்ணே முக்கால் மணி நேரம் கூட வராது. ஒரு காருக்கு இது ஒண்ணுமே இல்ல. 10 லட்சம் கார்ல மூணுல ஒரு பங்கு சொருகியிருந்தா 1,000 மெகாவாட், அதாவது ஒரு பெரிய அனல் யூனிட்டு அளவு, ஆனா அனல் யூனிட்ட குளுந்து கெடக்குற நிலைல இருந்து சூடேத்தி கொண்டு வர மணிக்கணக்குல ஆகும், பேட்டரி கரண்ட கிரிட்டுக்கு ஏத்த மாதிரி மாத்துற இன்வெர்ட்டர் கண்ண மூடி தொறக்கறதுக்குள்ள வந்துடும். எங்களுக்கு மெகாவாட்ட விட அந்த வேகம் தான் பெருசா தெரியும்.

இப்ப கோவப்பட்ட வாசகருக்கு வரேன். முழு எலெக்ட்ரிக் கார் வச்சிருக்கவங்களுக்கு தான் சார் அந்த பயம் நியாயம், காலைல பேட்டரி காலின்னா வண்டி நகராது. ஹைப்ரிட்ல டேங்க்ல பெட்ரோல் இருக்கு, பேட்டரி காலியா இருந்தாலும் ஆபீஸ் போயிடலாம், ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னாலும் ஓடிடலாம். அதனால கிரிட்டுக்கு மனசார கை குடுக்கக் கூடிய வண்டி இது தான்னு கட்டுரைல எழுதியிருந்தாங்க, சரி தான், ஆனா அதுலயே ஒரு ஓட்டை இருக்கு, அத அவங்க சொல்லாம விட்டுட்டாங்க. ராத்திரி எடுத்த 5 யூனிட்ட விடியறதுக்குள்ள திருப்பி ஏத்தலைன்னா காலைல அந்த தூரத்த பெட்ரோல்ல தான் ஓட்டணும். ஒரு யூனிட்டுக்கு அஞ்சு ஆறு கிலோமீட்டர்னு வச்சா 25, 30 கிலோமீட்டர், அதுக்கு ஒண்ணேகால் லிட்டரோ ஒன்றரை லிட்டரோ போயிடும். போதாக்குறைக்கு போக வர லாஸ் வேற, கிரிட்டுல இருந்து 10 யூனிட் ஏத்துனா திரும்பி வரது 8 வந்தா நல்லது. ஆக கிரிட்டுக்கு கரண்ட் குடுத்தோம்னு பேரு, உண்மைல குடுத்தது பெட்ரோலு, அதுவும் நம்ம காசுல, சுத்தி வளைச்சு. வாசகரோட பயம் பேட்டரி காலியாகும்ங்கறது, நான் சொல்றது பேட்டரி காலியானதே தெரியாம பெட்ரோல் பில்லு ஏறும்ங்கறது, ஏன்னா வண்டி தான் நிக்காதே.

அதனால கார்ல இருந்து கரண்ட மொத்தமா உறிஞ்சுற பேச்ச மொதல்ல ஓரமா வைக்கணும்னு நெனைக்கிறேன். அதுக்கு முன்னாடி செய்யக் கூடியது நெறய இருக்கு. சார்ஜ் ஏறிக்கிட்டு இருக்குற ஒரு கார சட்டுன்னு நிறுத்துனாலே கிரிட்டுக்கு அது 3 கிலோவாட் ஜெனரேட்டர் ஒண்ணு வந்து சேந்த மாதிரி தான், மீட்டருக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இதுக்கு கார்ல எந்த மாத்தமும் வேணாம், பேட்டரிக்கு ஒரு கெடுதலும் இல்ல. ஃப்ரீக்வென்சி சேவைன்னு போனாலும் அதுல இந்த செகண்ட் குடுக்குறது அடுத்த செகண்ட் வாங்குறதுன்னு ஊஞ்சல் மாதிரி ஆடும், ஒரு மணி நேரம் கழிச்சு பாத்தா பேட்டரி கிட்டத்தட்ட இருந்த எடத்துலயே இருக்கும். ஹைப்ரிட்டோட சின்ன பேட்டரிக்கு ஏத்த வேலை அது தான். சாயங்காலம் நாலு மணி நேரம் வீதிக்கே கரண்ட் குடுக்குற வேலைய பெரிய பேட்டரிக்காரங்க பாத்துக்கட்டும்.

எங்க அக்கா மகன் ஒரு ப்ளக்-இன் ஹைப்ரிட் வச்சிருக்கான். நல்ல வண்டி, நான் ஆசையா சுத்திப் பாத்தேன். டிக்கிய தெறந்தா சார்ஜிங் கேபிள் பையோட கெடக்கு, கம்பெனில சுத்திக் கட்டுன ப்ளாஸ்டிக் கட்டு கூட அவுக்கல, வண்டி வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. என்ன மாப்ள இதுன்னேன். "மாமா, பெட்ரோல் தான் போட்டுக்கறோமே, தெனம் யாரு குனிஞ்சு சொருகிக்கிட்டு இருக்கறது"ன்னு சிரிக்கிறான். இவன் ஒருத்தன் தான் இப்படின்னு நெனச்சேன். அப்படி இல்ல. ஐரோப்பிய கமிஷன் 2024 மார்ச்ல ரோட்டுல நிஜமா ஓடுற வண்டிங்க கிட்ட இருந்து எடுத்த கணக்க வெளியிட்டுச்சு, ப்ளக்-இன் ஹைப்ரிட்டுங்க விடுற கார்பன், லேப் டெஸ்ட்ல காட்டுனத போல சராசரியா மூணரை மடங்காம். காரணம் ஜனங்க நெனச்ச அளவுக்கு சார்ஜ் போடறதே இல்ல, டெஸ்ட்ல ரொம்ப சொருகுவாங்கன்னு நம்பி போட்ட கணக்கு அது.

என்னோட லெட்டர்ல முக்கியமான விஷயம் இது தான். சொருகாத காரால கிரிட்டுக்கு ஒரு பைசா பிரயோஜனம் கெடையாது, சொருகாத காரால காத்துக்கும் பிரயோஜனம் கெடையாது, ரெண்டு வியாதிக்கும் மருந்து ஒண்ணு, கேபிள சொருக வைக்கணும். இப்ப வர்ற திட்டங்கள்ல சிலது நீ எத்தன யூனிட் திருப்பி குடுத்தியோ அத்தனைக்கு காசுன்னு பேசுது. அப்படி பேசுனா ஹைப்ரிட்காரன் பேட்டரிய காலி பண்ணி காசு பாத்துட்டு காலைல பெட்ரோல்ல போவான், நான் மேல சொன்ன ஓட்டை பெருசாகும். அதுக்கு பதிலா எத்தன மணி நேரம் சொருகி கைக்கெட்டுற தூரத்துல நின்னியோ அந்த நேரத்துக்கு காசு குடுங்க. மின்சார உலகத்துக்கு இது ஒண்ணும் புதுசும் இல்ல, பவர் ஸ்டேஷன்ல ரிசர்வ்ல நிக்கிற மிஷினுக்கு ஓடாட்டியும் தயாரா நிக்கிறதுக்குன்னு காசு குடுக்குற வழக்கம் பல நாட்டுல இருக்கு. தயாரா நிக்கிற மிஷினுக்கு ஒரு நியாயம், தயாரா நிக்கிற காருக்கு ஒரு நியாயமா?

பேட்டரி தேஞ்சிடுமேன்னு கேப்பீங்க. 2017ல இதுல ஒரு சண்டையே நடந்துச்சு. ஹவாய் யுனிவர்சிட்டி ஆளுங்க, தெனம் கிரிட்டுக்கு கரண்ட் தள்ளுனா பேட்டரி ஆயுசு கொறையுதுன்னு சோதிச்சு சொன்னாங்க, அதே வருஷம் இங்கிலாந்துல வார்விக் ஆளுங்க, புத்திசாலித்தனமா செஞ்சா ஆயுசு கூடவும் செய்யும்னு எழுதினாங்க. படிக்கறவனுக்கு தலை சுத்தும். நல்லவேளையா 2018ல ரெண்டு பக்கமும் ஒண்ணா உக்காந்து ஒரே கட்டுரையா எழுதி, எப்ப எடுக்குறோம் எவ்ளோ எடுக்குறோம்ங்கறத பொறுத்து தான்னு சொல்லிட்டாங்க. கண்ண மூடிக்கிட்டு நெனச்ச நேரமெல்லாம் காலி பண்ணி ரொப்புனா தேயும். பேட்டரிக்கு பிடிக்காத இன்னொண்ணு, ஃபுல் சார்ஜ்லயே சூட்டுல நாள் கணக்கா கெடக்குறது, அத தவிர்த்து நடுவுல வச்சு லேசா ஆட்டுனா பெருசா ஒண்ணும் ஆகாது. ஆனா கார் கம்பெனி வாரண்டில இத பத்தி என்ன போட்டிருக்குன்னு கையெழுத்து போடறதுக்கு முன்னாடி படிச்சிடுங்க, பல வண்டில திருப்பி அனுப்புற வசதியே இல்ல, உள்ள இருக்குற சார்ஜர் ஒரு பக்கமா மட்டும் தான் வேலை செய்யும்.

டைமர் சமாச்சாரம் ஒண்ணு சொல்லணும். ராத்திரி 10 மணிக்கு ரேட் கொறையுதுன்னு வச்சா எல்லாரும் 10 மணிக்கு டைமர் வச்சிடுவாங்க. நாங்க ஃபீடர் போயிட்டு திரும்ப சப்ளை குடுக்கும் போது இந்த அனுபவம் உண்டு, ஃப்ரிட்ஜ், ஏசி, மோட்டார் எல்லாம் ஆன்லயே கெடக்கும், பிரேக்கர மூடுன அடுத்த நொடி எல்லாம் ஒரே மூச்சுல இழுக்கும், ஆம்ப்ஸ் முள்ளு ஒரே தாவா தாவும், பிரேக்கர் டமால்னு மறுபடி விழும். அப்புறம் பகுதி பகுதியா பிரிச்சு பிரிச்சு குடுப்போம். அந்த கூத்த நாமளே தெனம் 10 மணிக்கு கூப்ட்டு வச்ச மாதிரி ஆயிடும், தெரு ட்ரான்ஸ்ஃபார்மர் பாவம். பிரிட்டன்ல 2022ல இருந்து வீட்டு சார்ஜருக்கு ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க, ஒவ்வொரு சார்ஜரும் 10 நிமிஷம் வரைக்கும் ஏதோ ஒரு கணக்குல தள்ளி தள்ளி ஆரம்பிக்கணும்னு. சின்ன வேலை தான், யோசிச்சவருக்கு கும்புடு போடலாம்.

இன்னொண்ணு, என்னால இத சொல்லாம இருக்க முடியாது. லைன்ல வேலை பாக்கறவங்களுக்கு எமன் ரிட்டர்ன் சப்ளை. நாங்க இங்க எல்லாத்தையும் ஆஃப் பண்ணி லைன்ல கரண்ட் இல்ல, வேலை பாக்கலாம்னு லைன் க்ளியர் குடுத்து ஆள் கம்பத்துல ஏறியிருப்பான், எவரோ ஒருத்தர் வீட்டுல லைன துண்டிச்சு ஜெனரேட்டருக்கு மாத்துற சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இல்லாம ஜெனரேட்டர போடுவாரு, அது சர்வீஸ் ஒயர் வழியா பின்னாடி போயி ட்ரான்ஸ்ஃபார்மர்ல ஏறும், 230 வோல்ட் அந்த பக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட்டா வெளிய வரும். ஒரு தடவ லைன பூமியோட சேக்குற எர்த் ராட மாட்டப் போறதுக்கு முன்னாடி டெஸ்டர காட்டுனவன் கத்துன கத்து இன்னும் எனக்கு காதுல இருக்கு, அன்னைக்கு அந்த டெஸ்டர் தான் அவன காப்பாத்துச்சு. இப்ப ஒவ்வொரு வாசல்லயும் ஒரு கார் ஜெனரேட்டரா நின்னா? முறையா செஞ்ச இன்வெர்ட்டர், லைன்ல கரண்ட் இல்லன்னா தானா நின்னுடும், அப்படி தான் தரம் வச்சிருக்காங்க. வீட்டுக்கு மட்டும் எடுக்கணும்னா லைன துண்டிச்சிட்டு தான் எடுக்கணும். ஆனா இன்டர்நெட்டுல பாத்து ரெண்டு பக்கமும் ஆண் ப்ளக் வச்ச ஒயர் கட்டி கார வீட்டு சாக்கெட்ல சொருகுற புத்திசாலிங்க வருவாங்க, கண்டிப்பா வருவாங்க. அவங்களுக்கு அபராதமா ஒரு நாள் லைன்மேன் கூட கம்பத்துல ஏத்தி விடணும்.

ஆபத்து நேரத்துக்கு இந்த வண்டிங்க தங்கம், அத மறுக்கல. 2011 பூகம்பத்துக்கு அப்புறம் ஜப்பான்ல கார்ல இருந்து வீட்டுக்கு கரண்ட் எடுக்குற யோசனை வேகமா வளந்துச்சு, 2019ல புயல் அடிச்சு சிபா பக்கம் நாள் கணக்கா கரண்ட் இல்லாதப்ப கார்கள கொண்டு போய் நிறுத்தி ஜனங்களுக்கு குடுத்தாங்க. ஹைப்ரிட்ல இன்ஜின் வேற இருக்கா, டேங்க் ரொம்பியிருந்தா ஒரு சராசரி வீட்ட 10 நாள் வரைக்கும் ஓட்டலாம்னு அவுட்லேண்டருக்கு கம்பெனியே கணக்கு சொல்லுச்சு. அது புயல் நாளுக்கு. சாதாரண நாள்ல கிரிட்டுக்காக கார் இன்ஜின ஓட விடறது வெட்டி வேலை, நல்ல கார் இன்ஜினே பெட்ரோல் சக்தில 40 சதவீதம் எடுத்தா பெருசு, நவீன கேஸ் ஸ்டேஷன் 60 கிட்ட எடுக்குது. மூடுன கராஜ்ல இன்ஜின் ஓடுனா கார்பன் மோனாக்சைடு சத்தமில்லாம ஆள முடிச்சிடும். அதனால சும்மா சொருகி வச்சிருக்கும் போது கிரிட்டு கேட்டுதுன்னு இன்ஜின் தானா ஸ்டார்ட் ஆகக் கூடாது, அத ஒப்பந்தத்துலயே எழுதிடணும், சாஃப்ட்வேர்ல ஒரு டிக் அடிக்கிற எடமா விட்டுடக் கூடாது.

ஒப்பந்தம்னதும் இன்னும் ரெண்டு. வண்டிக்காரர் காலைல எத்தன மணிக்கு கெளம்புவாருன்னு அவரே சொல்லணும், அந்த நேரத்துக்கு அவரு கேட்ட அளவு பேட்டரில இருக்கணும், இல்லன்னா செலவான பெட்ரோலுக்கு எவங்க எடுத்தாங்களோ அவங்க தான் பொறுப்பு. திடீர்னு வண்டிய கழட்டிட்டு போனா அபராதம் கிபராதம்னு ஆரம்பிக்கக் கூடாது, ஆயிரம் வண்டிய ஒண்ணா கட்டி மேய்க்கிற அக்ரிகேட்டர்னு ஒருத்தர் இருப்பாரே அவரு வேலையே பத்து வண்டி கழண்டா பத்து வண்டிய சேக்குறது தானே. டென்மார்க்குல ஃப்ரெட்ரிக்ஸ்பெர்க்ல 2016ல ஒரு கம்பெனி தன்னோட 10 வேன வச்சு இத செஞ்சுச்சு, பகல்ல வேலைக்கு போகும், வேலை முடிஞ்சு வந்ததும் சொருகிடுவாங்க, விடிய விடிய கிரிட்டோட ஊஞ்சல். வேலை நேரம் இன்னதுன்னு தெரிஞ்சதால அங்க சுலபமா போச்சு. மொதல்ல இந்த மாதிரி நேரத்துக்கு போய் நேரத்துக்கு வர வண்டிங்கள்ல ஆரம்பிச்சா நல்லது, வீட்டு வண்டிங்க பின்னாடி வரட்டும்.

இத எழுதி முடிக்கறதுக்கு முன்னாடி அக்கா மகன கூப்ட்டு கேட்டேன், ஏன்டா மாப்ள, சொருகி வச்சிருக்குற மணிக்கு காசுன்னா சொருகுவியான்னு. கொஞ்சம் யோசிச்சான். "சொருகலாம் மாமா, கேபிள் எட்டுமா?"ன்னான். ரெண்டு வருஷமா அவுக்காத கட்ட அன்னைக்கு தான் கத்திரிக்கோல் வச்சு வெட்டி, கேபிள சாக்கெட் வரைக்கும் இழுத்து பாத்தோம். ரெண்டு அடி பத்தல. வண்டிய ரிவர்ஸ்ல நிறுத்திப் பாக்கறேன்னு போயிருக்கான்.

இப்படிக்கு,
ரிட்டயர்டு சப்-ஸ்டேஷன் ஆபரேட்டர் ஒருத்தர்